தொலேதோ அரண்மனைக்குத் தண்ணீர் ஏற்றிய ஹுவானெலோ இயந்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின் நாட்டுத் தொலேதோவில் 16ஆம் நூற்றாண்டில் ஓடிய நீரேற்று இயந்திரத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்விகள்தான் வரிசையாக வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

முதலில் இது என்னன்னு ஒரு வரியில சொல்லுங்க.

தாஹோ ஆற்றிலிருந்து தண்ணீரை எடுத்து, ஏறக்குறைய 90 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்த அல்காசர் அரண்மனைக்குக் கொண்டுபோன இயந்திரத் தொடர். 1565இல் ஒப்பந்தம், 1569இல் ஓடத் தொடங்கியது. செய்தவர் ஹுவானெலோ துரியானோ. ஸ்பானியர்கள் இதை ‘ஹுவானெலோவின் அர்த்திஃபிசியோ’ என்பார்கள். சூட்சுமமான பொறி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு மெஷின் என்று நினைக்க வேண்டாம். ஆற்றங்கரையில் சக்கரங்கள், அங்கிருந்து மலைச்சரிவில் சுமார் 300 மீட்டர் தூரத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கும் அமைப்புகள், உச்சியில் அரண்மனையின் தொட்டி. எல்லாம் சேர்ந்ததுதான் அர்த்திஃபிசியோ.

ஆறு காலடியிலேயே ஓடுது. அப்புறம் ஊருக்கு எப்படித் தண்ணிக் கஷ்டம்?

காலடியில் ஓடியதுதான் கஷ்டமே. தொலேதோ ஒரு கருங்கல் குன்றின்மேல் இருக்கிறது. மூன்று பக்கமும் தாஹோ ஆறு ஆழமான பள்ளத்தில் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. எதிரிப் படை வந்தால் நல்ல அரண். சமைக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் செங்குத்துச் சரிவில் இறங்கி ஏற வேண்டும். பாறையைக் குடைந்து கிணறு வெட்டினாலும் ஊருக்குப் போதுமான ஊற்று கிடைக்காது. மழைநீரைச் சேமிக்க வீடுகளில் நிலத்தடித் தொட்டிகள் இருந்தன. மற்றபடி கழுதை முதுகில் குடம்தான். அதைச் சுமந்து விற்றவர்களை ‘அசகான்’ என்பார்கள்.

ரோமானியர்கள் அங்கே கால்வாய்ப் பாலம் கட்டியிருந்தார்களாமே? அதையே பழுது பார்த்திருக்கலாமே?

கட்டியிருந்தார்கள். தெற்கே மலைப்பக்கம் அல்காந்தரில்யா என்ற இடத்தில் அணை கட்டி, அங்கிருந்து வாய்க்கால் வெட்டி, ஆற்றுப் பள்ளத்தைத் தாண்டி ஊருக்குள் தண்ணீர் விட்டார்கள். அந்த அணையின் இடிபாடு இன்றும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதன் சுவர் சரிந்திருப்பது நீர் தேங்கும் பக்கமாக. தண்ணீர் தள்ளி விழவில்லை. அணை வற்றியிருந்தபோது பின்னாலிருந்த மண்கரை தள்ளியதில் விழுந்தது.

16ஆம் நூற்றாண்டுக்குள் பாலமும் போய்விட்டது, வாய்க்காலும் தூர்ந்துவிட்டது. அதை மீட்பதென்றால் பல மைல் தூரத்துக்குப் புதிதாகக் கட்டுவதற்குச் சமம். இடைப்பட்ட காலத்தில் அரபு ஆட்சியில் வேறொரு வழியும் இருந்திருக்கிறது: 12ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர் அல்-இத்ரீசி, 90 முழ உயரமுள்ள ஒரு ராட்சத நீர்ச்சக்கரம் தொலேதோவில் தண்ணீர் ஏற்றியதாக எழுதியிருக்கிறார். அதுவும் ஹுவானெலோ காலத்தில் இல்லை.

ஹுவானெலோ இன்ஜினியரா, இல்லை கடிகாரம் ரிப்பேர் பண்ணுகிறவரா?

கடிகாரக்காரர்தான், ஆனால் ரிப்பேர் கடைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தாலியின் கிரெமோனாவில் 1500ஐ ஒட்டிப் பிறந்தவர். பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்காகக் கோள்களின் நிலையைக் காட்டும் ஒரு கடிகாரம் செய்தார். அதில் சுமார் 1,800 சக்கரங்கள். இருபது ஆண்டு யோசித்து மூன்றரை ஆண்டில் செய்து முடித்தார் என்று, அவரை நேரில் அறிந்த வரலாற்றாசிரியர் அம்ப்ரோசியோ தெ மொராலெஸ் எழுதுகிறார். பேரரசர் பதவி துறந்து யூஸ்தே மடத்துக்குப் போனபோது உடன் அழைத்துப் போன சிலரில் ஹுவானெலோவும் ஒருவர். 1558இல் பேரரசர் இறந்த பிறகு மகன் இரண்டாம் பிலிப்பிடம் வேலை. கிரெகோரியன் நாட்காட்டி சீர்திருத்தம் பற்றி 1579இல் மன்னருக்கு ஓர் அறிக்கையும் எழுதிக் கொடுத்தார்.

தண்ணீர் வேலைக்குக் கடிகாரக்காரரா என்று கேட்பவர்களுக்கு: அடுத்த இரண்டு பதில்களைப் படித்தால், கடிகாரக்காரருக்குத்தான் இந்த யோசனை தோன்றியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பம்ப் வைத்துக் குழாயில் ஏற்றியிருக்கலாமே? அந்தக் காலத்தில் பம்ப் இல்லையா?

பம்ப் இருந்தது. குழாய்தான் தாங்கவில்லை. 90 மீட்டர் உயரத்துக்கு ஒரே குழாயில் தண்ணீர் நின்றால் அடியில் காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தம் இருக்கும். ஈயக் குழாயையும் குடைந்த மரக் குழாயையும் அந்தக் காலத்தில் இணைத்த விதத்தில் இது நடக்கிற காரியமில்லை.

இது வெறும் ஊகம் அல்ல, அங்கேயே பார்த்தாகிவிட்டது. 1520களில் நசாவ் (Nassau) பிரபுவின் முயற்சியில் வெளிநாட்டு வல்லுநர்கள் வந்து, பெரிய சம்மட்டிகள் தண்ணீரை அடித்துக் குழாய்க்குள் தள்ளும் ஓர் இயந்திரத்தை ஆற்றோரம் நிறுவினார்கள். தள்ளும் வேகத்தில் குழாய்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. முயற்சியைக் கைவிட்டார்கள். குறைந்த உயரத்துக்கு பம்ப் நன்றாகவே வேலை செய்தது: லண்டன் பாலத்தடியில் பீட்டர் மோரிஸ் 1582இல் வைத்த பம்ப், ஆற்றோட்டத்தில் சக்கரம் சுற்றி நகரத்துக்குத் தண்ணீர் தள்ளியது. ஆனால் லண்டனில் இப்படி ஒரு குன்று இல்லை.

சரி, அப்படியென்றால் ஹுவானெலோவின் இயந்திரம் எப்படித்தான் வேலை செய்தது?

அழுத்தமே வேண்டாம் என்று முடிவு செய்தார். 90 மீட்டரையும் ஒரே தம்மில் ஏற்றாமல், சின்னச் சின்ன உயரமாகப் பிரித்தார். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில்தான் இருக்கும். எந்த இடத்திலும் எதையும் வெடிக்க வைக்கும் அளவுக்கு அது தேங்கி நிற்காது.

பித்தளையில் செய்த நீண்ட கரண்டியைக் கற்பனை செய்யுங்கள். ஒரு முனையில் அகலமான கிண்ணம், காம்பு உள்ளே கூடாக இருக்கும் குழல், மறுமுனை திறந்திருக்கும். மரச் சட்டத்தில் ஓர் அச்சில் இது மேலும் கீழும் ஆடும். கிண்ண முனை இறங்கும்போது முந்தைய கரண்டி ஊற்றும் நீரை வாங்கிக்கொள்ளும். கிண்ணம் உயர்ந்ததும் தண்ணீர் காம்பு வழியாக ஓடி மறுமுனையில் வழியும். அதற்கு நேர் கீழே, அந்த நொடியில் இறங்கி வந்து காத்திருக்கும் அடுத்த கரண்டியின் கிண்ணம். பக்கத்துப் பக்கத்துக் கரண்டிகள் எதிரெதிர்த் திசையில் ஆடுவதால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு படி என்று தண்ணீர் வளைந்து வளைந்து மேலேறும்.

இதில் தந்திரம் கரண்டியில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஒரு கரண்டி அரை நொடி முந்தினாலும் தண்ணீர் தரையில் கொட்டும். அரண்மனை வரை எல்லாக் கரண்டிகளும் ஒரே தாளத்தில் ஆட வேண்டும். இந்த இயக்கம் எவ்வளவு மென்மையாக இருந்தது என்றுதான் மொராலெஸ் திரும்பத் திரும்ப வியக்கிறார். அவர் கணக்குப்படி மெல்லிய மரம் மட்டும் 200 வண்டிக்கு மேல். அதன்மேல் நின்ற பித்தளை 500 குவிந்தாலுக்கு மேல், அதாவது இன்றைய அளவில் 20 டன்னைத் தாண்டும். இவ்வளவு எடையையும் அதிராமல் ஆட்டுவதற்குக் கடிகாரக்காரரின் கண் வேண்டும்தான்.

இத்தனையையும் ஆட்டுவதற்கு விசை எங்கிருந்து வந்தது? மாடு கட்டினார்களா?

மாடு இல்லை, ஆறுதான். அல்காந்தரா பாலத்தின் அருகே தாஹோவில் ஒரு தடுப்பணை இருந்தது. அங்கே நீர்ச்சக்கரங்கள். ஒன்று வாளிச் சங்கிலியைச் சுற்றி, ஆற்றிலிருந்து முதல் தொட்டிக்குத் தண்ணீரைத் தூக்கியது. இன்னொன்றின் சுழற்சியை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றி, மலைச்சரிவு நெடுகப் போன மரச் சட்டங்கள் வழியாக எல்லாக் கரண்டிகளுக்கும் கொடுத்தார்கள்.

பிரம்மாண்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. நாளுக்கு 14,000 லிட்டர், உயரம் 95 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் தண்ணீரைத் தூக்கும் வேலைக்கு மட்டும் தேவைப்படுவது 150 வாட் சொச்சம். ஆற்றுச் சக்கரம் கொடுத்தது இதைவிடப் பல மடங்கு. மிச்சமெல்லாம் மரத்தையும் பித்தளையையும் ஆட்டுவதிலும் உராய்விலும் போயிருக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஏறியது?

ஒப்பந்தத்தில் கேட்டது நாளுக்கு 1,600 குடம். ஒரு குடம் நான்கு ‘அசும்ப்ரே’, அதாவது எட்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் சுமார் 12,400 லிட்டர். ஓட்டிப் பார்த்தபோது 14,000 லிட்டருக்குமேல் வந்தது. நம்மூர்த் தெருவில் வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஒன்றேகால் லோடுகூட இல்லை.

கேட்டதும் பலருக்கு ‘இவ்வளவுதானா’ என்று இருக்கிறது. நியாயம்தான். ஆனால் ஆள் தூங்கும்போதும் நிற்காமல், கழுதை இல்லாமல், நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்ற கணக்கில் அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அன்று அங்கே வாழ்ந்தவர்கள் யாரும் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

அந்தத் தண்ணீர் ஊருக்குப் போதுமானதாக இருந்ததா?

அன்றைய தொலேதோவில் சுமார் 60,000 பேர். முழுவதையும் ஊருக்கே பிரித்துக் கொடுத்திருந்தாலும் தலைக்குக் கால் லிட்டர் தேறாது. அதுவும் கொடுக்கவில்லை. ஏன் என்பது அடுத்த கேள்வி.

கேட்டதைவிட அதிகமாகத்தானே கொடுத்தார்? பிறகு ஏன் காசு தரவில்லை?

என்னைக் கேட்டால் இந்த இயந்திரத்தின் கதையில் முக்கியமான பகுதி இதுதான். பொறியியல் பிழைத்தது, ஒப்பந்தம் காலை வாரியது.

1565 ஒப்பந்தத்தில் மூன்று தரப்பு: மன்னர், தொலேதோ நகரம், ஹுவானெலோ. செலவை முதலில் ஹுவானெலோ போட வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு நகரம் 8,000 டுகாட் (அக்காலப் பொற்காசு) கொடுக்கும். அதற்குமேல் அவருக்கும் வாரிசுகளுக்கும் ஆண்டுக்கு 1,900 டுகாட். 1569இல் தண்ணீர் ஏறியது. ஏறி எங்கே போனது? அல்காசருக்குள். அரண்மனை மன்னருடையது, அங்கே வந்த தண்ணீரும் மன்னருக்கே என்று ஆனது. ‘எங்கள் தெருவுக்கு ஒரு சொட்டு வரவில்லை, நாங்கள் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்’ என்று நகரம் கையை விரித்தது.

நகரத்தின் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்பது உண்மை. ஆனால் குழாய் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்தது ஹுவானெலோ அல்ல. சொன்ன அளவு, சொன்ன உயரம், இரண்டையும் அவர் நிறைவேற்றினார். கடன் மட்டும் அவர் தலையில்.

இரண்டாவது இயந்திரம் ஒன்றும் உண்டு என்கிறார்களே?

உண்டு. 1575இல் புது உடன்பாடு. முதல் இயந்திரம் அரண்மனைக்கே இருக்கட்டும், ஊருக்காக அதன் பக்கத்திலேயே இன்னொன்று கட்டுவது, அதில் வரும் தண்ணீரின் உரிமை ஹுவானெலோவுக்கும் வாரிசுகளுக்கும் என்று பேசினார்கள். கட்டுவதற்கு அரச கருவூலம் பணம் கொடுத்தது. 1581இல் அதுவும் ஓடியது. முதல் இயந்திரத்தில் பார்த்த குறைகளைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு இதில் கிடைத்தது.

ஆனால் கட்டுவது ஒரு செலவு, ஓட்டுவது தினச் செலவு. தேயும் அச்சு, வளையும் பித்தளை, நனைந்து காய்ந்து பிளக்கும் மரம், இவற்றைப் பார்த்துக்கொள்ள ஆட்கள். எண்பதை நெருங்கிய மனிதரால் தாக்குப்பிடிக்க முடியாமல் அதையும் கைவிட நேர்ந்தது. 1585 ஜூனில் தொலேதோவிலேயே வறுமையில் இறந்தார்.

இரண்டாம் பிலிப் 1561லேயே மாட்ரிடுக்குப் போய்விட்டாரே? ராஜா இல்லாத அரண்மனைக்கு எதற்குத் தண்ணீர்?

நல்ல கேள்வி, பலர் கவனிப்பதில்லை. அரசவை மாட்ரிடுக்கு மாறி நான்கு ஆண்டு கழித்துத்தான் ஒப்பந்தமே போட்டிருக்கிறார்கள்.

அல்காசரைப் புதுப்பிக்கும் வேலை ஐந்தாம் சார்லஸ் காலத்திலேயே அலோன்சோ தெ கோவாருபியாஸ் என்ற கட்டடக் கலைஞரின் கையில் தொடங்கியிருந்தது. பிலிப் காலத்தில் ஹுவான் தெ எர்ரேரா தெற்கு முகப்பைக் கட்டினார். கட்டட வேலை நடக்கும் இடத்தில் சுண்ணாம்பு குழைக்கவே எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று மேஸ்திரிகளைக் கேட்டால் தெரியும். மன்னர் எப்போது வந்தாலும் தங்க இடம் தயாராக இருக்க வேண்டும் என்பதும் உண்டு. தொலேதோ நகரத்துக்கு வேறு கணக்கு இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்: தண்ணீர் வசதி வந்தால் அரசவை திரும்பி வரும் என்ற நப்பாசை. வரவில்லை.

கழுதையில் தண்ணீர் விற்றவர்களின் பிழைப்பு போய்விட்டதா?

போகவில்லை. மேலே சொன்ன கால் லிட்டர் கணக்கைப் பார்த்தாலே தெரியும். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தெஸ் 1613இல் வெளியிட்ட ஒரு கதையில், வசதியான வீட்டுப் பையன் ஒருவன் வேடிக்கைக்காகத் தொலேதோவில் கழுதை வாங்கித் தண்ணீர் விற்கக் கிளம்புகிறான். சரிவில் இறங்கும்போதே எதிரே வந்த கிழத் தண்ணீர்க்காரரின் கழுதையில் மோதி அடிதடி. பிறகு சூதாட்டத்தில் கழுதையைக் கால் கால் பங்காக வைத்துத் தோற்கிறான். ‘வாலைத் தோற்கவில்லை, வாலைக் கொடு’ என்று வாதாடியே எல்லாவற்றையும் மீட்கிறான். அதற்கப்புறம் தெருப் பிள்ளைகள் அவனைக் கண்டாலே ‘வாலைக் கொடு’ என்று கத்துகிறார்கள்.

அதே கதையில், தொலேதோவில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக ஹுவானெலோவின் இயந்திரமும் பெயர் சொல்லி வருகிறது. அதாவது இயந்திரம் ஊரின் பெருமை, கழுதை ஊரின் குடிநீர். இரண்டும் ஒரே நேரத்தில். ‘அசகானெஸ்’ என்று ஒரு தெரு இன்றும் அங்கே இருக்கிறது.

ஹுவானெலோ செய்த மர மனிதன் தெருவில் நடந்துபோய்ச் சாப்பாடு வாங்கி வருமாமே?

அது கட்டுக்கதை. ‘மர மனிதன் தெரு’ என்ற பெயரில் பேராலயத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரு உண்மையிலேயே இருக்கிறது, அதனால் கதை சாகவில்லை. அவர் சிறு பொம்மை இயந்திரங்கள் செய்தார் என்பது நம்பக்கூடியது. மேடு பள்ளமான தொலேதோத் தெருவில் தானாக நடந்து, பிச்சை வாங்கித் திரும்பும் ஆளுயரப் பொம்மை என்பது நம்பக்கூடியதல்ல. கடைசிக் காலத்தில் அவர் பட்ட வறுமையை ஊர் இப்படிக் கதையாக்கி வைத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நன்றாக ஓடியது என்றால் ஏன் நின்றுபோனது?

அவர் இறந்த பிறகு அதே பெயர் கொண்ட பேரன் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் பராமரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. மேலே சொன்னபடி எல்லாக் கரண்டியும் ஒரே தாளத்தில் ஆட வேண்டிய அமைப்பு இது. நடுவில் ஒன்று பழுதானால் அதற்கு மேலே இருப்பதெல்லாம் வெறும் காற்றை அள்ளும். இன்னொரு தலைவலி, திருட்டு. 20 டன் பித்தளையை மலைச்சரிவில் வைத்துவிட்டுக் காவலுக்கு ஆள் குறைத்தால் என்ன ஆகும்? 1640ஐ ஒட்டி இயந்திரம் முழுமையாக நின்றது.

செங்கல் வளைவுகள் மட்டும் ஆற்றோரம் இன்னும் இரண்டு நூற்றாண்டு நின்றன. 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் அவற்றைப் பார்க்கலாம். 1868இல் புதிய நீரேற்று நிலையம் கட்டுவதற்காக அவற்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அசல் வரைபடம் இருக்கிறதா? படங்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி போடுகிறார்களே?

ஹுவானெலோ வரைந்த படம் எதுவும் கைக்கு வரவில்லை. அதனால்தான் ஆளுக்கொரு வடிவம். நம்மிடம் இருப்பவை பார்த்தவர்களின் எழுத்தும் கணக்கு ஏடுகளும்தான். மொராலெஸ் 1575இல் எழுதியது முதன்மையானது. ஆனால் அவர் பொறியாளர் அல்ல. குறுக்கு நெடுக்காக இணைத்த மரச் சட்டங்கள் மடக்கு ஏணியைப் போல நீண்டு சுருங்கின என்கிறார். அதை வைத்து ஜெர்மானியப் பொறியியல் வரலாற்றாசிரியர் தியோடோர் பெக் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு வடிவம் கொடுத்தார். ஆங்கிலேயர் கெனெல்ம் டிக்பி, தான் நேரில் பார்த்த இந்த இயந்திரத்தை 1644இல் வெளியான நூலில், உயிருள்ள உடல்கள் இயங்கும் விதத்தை விளக்க உதாரணமாக எடுத்தாண்டார்.

1960களில் லாதிஸ்லாவோ ரேட்டி என்ற ஆய்வாளர், 1588இல் அச்சான இத்தாலியப் பொறியாளர் அகோஸ்தீனோ ரமெல்லியின் இயந்திரப் படம் ஒன்றோடு இந்தக் குறிப்புகளை ஒப்பிட்டு, ஆடும் கோபுரங்களில் கரண்டிகளை அடுக்கிய வடிவத்தை முன்வைத்தார். நான் மேலே விளக்கியது பெரும்பாலும் அதைத் தழுவியதுதான். பிறகு நிக்கோலாஸ் கார்சியா தாபியா ஆவணங்களைத் தோண்டி அதைத் திருத்தினார். 2008இல் சேவியர் ஹுஃப்ரே வேறொரு விளக்கம் கொடுத்தார். அதனால் ‘அசல் ஹுவானெலோ இயந்திரம்’ என்று யாராவது அனிமேஷன் காட்டினால், எந்த ஆய்வாளரின் வடிவம் என்று கேளுங்கள்.

‘ஹுவானெலோவின் 21 நூல்கள்’ என்று ஒரு சுவடி இருக்கிறதே, அதில் பார்க்கக் கூடாதா?

மாட்ரிட் தேசிய நூலகத்தில் அப்படி ஒரு கையெழுத்துச் சுவடி இருக்கிறது. அணை, ஆலை, பாலம், நீர்வழி என்று அருமையான படங்கள். ஆனால் தொலேதோ இயந்திரம் அதில் இல்லை. தன் வாழ்நாள் சாதனையை விட்டுவிட்டு ஒருவர் 21 நூல் எழுதுவாரா? எழுதியவர் ஹுவானெலோ அல்ல என்று சந்தேகிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அரகோன் பகுதியைச் சேர்ந்த பேத்ரோ ஹுவான் தெ லஸ்தனோசா எழுதியிருக்க வேண்டும் என்பது கார்சியா தாபியாவின் கட்சி. பெயர் அட்டையில் இருப்பதாலேயே ஹுவானெலோவின் நூல் என்று மேற்கோள் காட்டாதீர்கள்.

இப்போது தொலேதோ போனால் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

இயந்திரம் இல்லை. அல்காந்தரா பாலத்தில் நின்று அல்காசரை அண்ணாந்து பார்த்தால் உயரம் புரியும். எழுத்தில் எவ்வளவு சொன்னாலும் அந்த ஏற்றம் மனசில் ஏறாது. அல்காசர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது 1936 முற்றுகையில் இடிந்து பிறகு மீண்டும் கட்டப்பட்டது. இப்போது இராணுவ அருங்காட்சியகமும் நூலகமும் அங்கே இயங்குகின்றன. சாந்த குரூஸ் அருங்காட்சியகத்தில் ஹுவானெலோவின் சலவைக்கல் மார்பளவுச் சிலை இருக்கிறது: தடித்த முகம், தாடி, அரசவைக்காரரைவிடக் கொல்லர் பட்டறைக்காரர் போன்ற தோற்றம்.

மாட்ரிட் பக்கம் போகிறவர்கள் குவேல்காமுரோஸ் பள்ளத்தாக்கில் நான்கு ராட்சதக் கருங்கல் தூண்களைப் பார்ப்பீர்கள். அவற்றுக்கும் ‘ஹுவானெலோக்கள்’ என்றுதான் பெயர். தொலேதோ வட்டாரத்தில் வெட்டிக் கிடந்தவை, 20ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். தண்ணீர் இயந்திரத்தின் தூண்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹுவானெலோவின் இயந்திரம் நின்றது மரச் சட்டத்திலும் செங்கல்லிலும்தான்.